இடது கை பிரேக்

துறைமுகத்தில் கப்பல்மேல் ஏறி, கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுவது பீம்ராவின் வேலை. பதினோரு வருஷமாக ஒரே ஒப்பந்தக்காரர். போன ஆடியில் தேய்ந்துபோன கொக்கி ஒன்று கழன்று விழுந்ததில் இடது கை நசுங்கி, சுண்டு விரலும் மோதிர விரலும் போயின. ஒப்பந்தக்காரர் மறுநாளே கற்பூரம் ஏற்றிப் பூசணிக்காய் உடைத்தார். கொக்கிகளை மாற்றவில்லை. பூசணிக்காய் மலிவு.

ஆறு மாதம் இலகுவான வேலைதான் தரவேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். வாசலில் லாரிச் சீட்டு சரிபார்க்கும் நாற்காலி கிடைத்தது. அது பறிபோகக் கூடாது என்பதுதான் மனைவி ரமாபாயின் கவலையெல்லாம். பீம்ராவுக்கோ தன் ரேஸ் சைக்கிளைப் பற்றியும் கவலை. கொருக்குப்பேட்டையிலிருந்து அதில்தான் வேலைக்குப் போவான். ஆட்டுக்கொம்பு போல் வளைந்த அதன் கைப்பிடியில் பிரேக் லீவர் எட்டி இருந்தது; மிஞ்சிய விரல்களுக்கு அகப்படவில்லை. ஷேர் ஆட்டோவில் போனால் எல்லோரும் கையையே பார்த்தார்கள்.

தண்டையார்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் லியாகத் அலி, வளைந்ததைக் கழற்றிவிட்டு நேர்க்கம்பி மாட்டினார். அதற்குத் தோதான லீவர் வேண்டும்.

“இத்தப் போடு பீமு. வலது கைல ஒரே லீவரு, ரெண்டு பிரேக்கும் புடிக்கும். இடது கைக்கு வேலையே இல்ல.”

“அப்ப இடது கை இன்னாத்துக்கு பாய்? மோதிரம் போட்டு அழகு பாக்கவா?”

“அதுக்குத்தான் விரலே இல்லியே நைனா!”

இருவரும் சிரித்தார்கள். பீம்ராவ் கடைச் சுவரில் தொங்கிய வேறொரு லீவர் ஜோடியை எடுத்தான்.

“அது வோணாம். அது பிரேக் ஒயர நெறைய இழுக்கும். உன் பிரேக்குக்குக் கொஞ்சூண்டு இழுத்தாப் போதும், ஆனா அழுத்தமா இழுக்கணும். அதப் போட்டா விரலும் நோவும், வண்டியும் நிக்காது.”

கடைசியில் பொருத்தமான குட்டை ஜோடி ஒன்று அகப்பட்டது. லியாகத் அலி திருகாணியை முடுக்கி, இடது லீவரைக் கம்பிக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார். இரண்டே விரல், சக்கரம் நின்றது. நான்கு மாதத்தில் அந்தக் கை செய்த முதல் உருப்படியான காரியம்.

“இதான் பாய்!” என்றான் பீம்ராவ்.

திங்கட்கிழமை காலை துறைமுக வாசலில் லாரி ஒன்று குறுக்கே திரும்ப, இரண்டு கையாலும் பிரேக் பிடித்து மயிரிழையில் நிறுத்தினான். ஒப்பந்தக்காரரின் பாதுகாப்பு அதிகாரி சுப்புராயன் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அட, கை பிரமாதமா வேலை செய்யுதே! இன்னொரு தடவை பிடி பார்ப்போம்” என்று போனை நீட்டிப் படம் எடுத்தார்.

பாராட்டு என்று நினைத்த பீம்ராவ் மூன்று தடவை பிடித்துக் காட்டினான்.

மாலையில் உத்தரவு வந்தது: நாளை முதல் கப்பலில் வேலை. மருத்துவரின் சீட்டைக் காட்டினான்.

“நீ சைக்கிள் ஓட்டுறதை டாக்டர் பார்த்தாரா?” என்றார் சுப்புராயன்.

“பிரேக்கு ரெண்டு விரல்ல புடிக்கலாம் சார். கம்பி பதினஞ்சு கிலோ சார்.”

“வீடியோ இருக்குப்பா.”

தேய்ந்த கொக்கியால்தான் கை நசுங்கியது என்பதற்கு ஆறு தொழிலாளிகள் சாட்சி சொன்னபோது போதவில்லை. அதே கை தேறிவிட்டது என்பதற்கு அரை நிமிடப் படம் போதுமாயிருந்தது.

“அந்த ஒத்தக் கை லீவரப் போட்டுக்கினு, இந்தக் கைய மடக்கி வச்சுக்கினு போயிருந்தா உட்டிருப்பானுங்க” என்றாள் ரமாபாய் அன்றிரவு.

“கீற கைய இல்லன்னு சொல்லணுமா?”

“இல்லாத விரல அவனுங்க கீதுன்னு சொல்றானுங்களே, நீ சொன்னா இன்னாயா?”



மறுநாள் கப்பலில் கம்பியைத் தூக்கினான். வலது கை தாங்கியது. இடது கையின் இரண்டு விரல்களும் தாமாகத் திறந்துகொண்டன. கம்பி கீழே பாய்ந்தது. அங்கே நின்ற சக தொழிலாளி சாலமோன் துள்ளி விலகியதால் பிழைத்தார்.

‘வேண்டுமென்றே போட்டான்’ என்று எழுதிக்கொண்டார் சுப்புராயன்.