கைப்பிடியைச் சுற்றிய செவ்வாய்க்கிழமை

டிக்கெட் அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வாழ்ந்த ஐம்பத்தொன்பது ஆண்டுகளில் இருபத்தாறு ஆண்டுகளை அவர் அருங்காட்சியகத்தின் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் டிக்கெட் கிழித்தே கழித்தார். வருகிறவரின் செருப்பைப் பார்த்தே அவர் என்ன கேட்கப்போகிறார் என்று அக்கா சொல்லிவிடுவார் என்பது வீட்டுக்காரரின் கேலி. தேய்ந்த செருப்பு என்றால், "உட்கார இடம் இருக்கா?" புதுச் செருப்பு என்றால், "பாத்ரூம் எங்க?" காட்சிப் பொருட்களைப் பற்றி அநேகமாக யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்ட ஒன்றிரண்டு பேருக்கும், "போர்டுல எழுதியிருக்கு, படிச்சுக்கோங்க" என்பதுதான் பதில்.

அருங்காட்சியகம் என்றதும் பளிங்குத் தூண்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். முப்பது ஆண்டுகளுக்கு முன்புவரை தானியக் கிடங்காக இருந்த மூன்று மாடிக் கட்டடம் அது, தெருவிலேயே உயரமானது. உள்ளே ஊர்க்காரர்கள் கொடுத்ததும் கிடங்கிலேயே கிடந்ததுமாக முந்நூற்றுப் பன்னிரண்டு பொருட்கள்: தபால் பெட்டி, அச்சகத்து ஈய எழுத்துகள், ஒரு பல் மருத்துவரின் நாற்காலி, இப்படி. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கயிறு, கயிற்றில் 'தொடாதீர்கள்' என்ற அட்டை. அந்த அட்டைக்கு உயிர் கொடுத்தவர் காப்பாளர். "விரல் பட்டா வரலாறு போச்சு" என்பார். தூசி தட்டுவதற்குக்கூட இறகுத் துடைப்பம்தான்.

தொற்றுக் காலத்தில் கதவை மூடினார்கள். ஈரம் ஏறாமலிருக்கக் காலையில் இரண்டு மணி நேரம் ஜன்னல்களைத் திறந்துவைக்க அக்காவுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. மூன்றாவது மாதம் வரலாற்றுச் சங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. மூடியிருக்கும் காலத்திலும் மக்களோடு தொடர்பில் இருக்கும் அருங்காட்சியகங்களின் செலவை மீண்டும் திறக்கும்வரை சங்கம் தாங்கும். மற்றவற்றின் பொருட்கள் தலைநகரக் கிடங்குக்குப் போகும். மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை முடிவு.

"நம்மகிட்ட வெப்சைட்டே இல்லையேக்கா," என்றார் காப்பாளர் போனில். குரல் அப்போதே பெட்டி கட்டத் தொடங்கியிருந்தது. "மக்களோட எப்படித் தொடர்பு வைக்கிறது?"

"சார், நம்மகிட்ட வருகைப் பதிவேடு இருக்கே. ஆளாளுக்கு நம்பர் எழுதி வச்சுட்டுப் போயிருக்காங்க."

"போன் பண்ணி என்ன சொல்லுவீங்க?"

அதை அக்கா யோசித்திருக்கவில்லை. ஆனாலும் மறுநாளே மேசைத் தொலைபேசியின் நீண்ட வயரை இழுத்துக்கொண்டு ஒரு பொருளின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாளுக்கு ஒரு பொருள். எதிரில் இருப்பதை வாயால் காட்ட வேண்டும், அவ்வளவுதான். முதல் மூன்று பேர் காப்பீடு விற்கிறவள் என்று நினைத்துத் துண்டித்தார்கள். நான்காவது ஆள், "எங்க மியூசியம் அக்காவா? இருங்க இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன். ஏய், எல்லாரும் வாங்க!" என்று வீட்டையே கூட்டினார்.

அன்று வீட்டுக்கு வந்த அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை. "பல் டாக்டர் நாற்காலியைப் பத்திப் பத்து நிமிஷம் பேசினேங்க! கைப்பிடியில நகம் பதிஞ்ச தடம் இருக்கு. இருபத்தாறு வருஷமா நான் பார்த்ததே இல்ல!"

"நீ எங்க பார்த்த, செருப்பைத்தானே பார்த்த," என்றார் வீட்டுக்காரர்.

இரண்டாவது வார முடிவில் நாற்பது குடும்பங்கள் சேர்ந்திருந்தன. அவர் கூப்பிடுவதற்குள் அவர்களே கூப்பிட்டார்கள். அக்கா துள்ளினார், காப்பாளர் துள்ளவில்லை. "நாப்பது வீடுன்னு சொன்னா சங்கத்துல சிரிப்பாங்கக்கா. பக்கத்து ஊர்ல வீடியோ போட்டு நாப்பதாயிரம் பேர் பார்த்திருக்காங்களாம்." அக்காவின் முகம் சுண்டிப்போனது. வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாட்களே இருந்தன. மறுநாள் வந்ததுதான் அந்தச் செவ்வாய்.

அன்றைய பொருள், மேல்மாடி மூலையில் முக்காலியின் மேல் நின்ற இரும்பு உருளை. பக்கவாட்டில் வரிசையாகப் பிளவுகள். உள்ளே விசிறி இதழ்கள். வெளியே ஒரு கைப்பிடி. போர்டில் 'தானியம் தூற்றும் கைப்பொறி' என்று எழுதியிருந்தது. மறுமுனையில் தையல் மெஷின் மெக்கானிக். கடை மூடி இரண்டு மாதமாக வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை நாலு தடவை பிரித்து மாட்டிவிட்ட மனிதர்.

"அக்கா, ஒரு நிமிஷம். தானியத்தை எதுல கொட்டுறது?"

அக்கா சுற்றிவந்து பார்த்தார். "மேல மூடித்தான் இருக்கு தம்பி."

"சரி, தூத்தின தானியம் எது வழியா விழுது?"

குனிந்து அடியில் பார்த்தார். "அடியிலயும் ஓட்டை இல்லையே."

"வாயும் இல்ல, வயிறும் இல்ல. அப்புறம் என்னத்தைத் தூத்துறது? போர்டு எழுதினவரு கட்டடத்தைப் பார்த்து எழுதிட்டாரு போலிருக்கு. கைப்பிடியைச் சுத்துங்க, சத்தத்தைக் கேட்டா நான் சொல்லிடுவேன்."

"ஐயோ, தொடக் கூடாது தம்பி!"

"தொடாமலே வச்சிருந்தா அது எப்படிக்கா சொல்லும்?"

அக்கா கயிற்றைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். கைப்பிடியைச் சட்டகத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த கம்பியை அவிழ்த்தார். முதல் சுற்று அசையவில்லை. இரண்டாவதில் முனகியது. மூன்று, நான்கு என்று வேகம் கூடக்கூட, அடிவயிற்றிலிருந்து எழும் ஓலம் போல ஒன்று கிளம்பி, உயர்ந்து, திறந்திருந்த ஜன்னல்கள் வழியே வாய் பொத்திக் கிடந்த தெரு முழுக்கப் பாய்ந்தது. கீழே விழுந்த ரிசீவரிலிருந்து, "சைரன்! அக்கா, சைரன்!" என்று மெக்கானிக் கத்திக்கொண்டிருந்தார்.

அக்கா ஜன்னலுக்கு ஓடினார். எல்லா ஜன்னல்களிலும் தலைகள். இளையவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். ஆனால் எதிர்வீட்டில், நடக்கவே சிரமப்படும் பெரியவர் ஒருவர் மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டில் ஓர் அம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு மாவுப் பாத்திரத்தை மாடிக்கு ஏற்றினார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அறுபதைத் தாண்டியவர்கள் மட்டும், கை சொன்னபடி, தரையில் இருந்ததை எல்லாம் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்துல தண்ணி எவ்வளவு ஏறிடுச்சும்மா?" என்று அந்த அம்மாள் மாடியிலிருந்து கத்தினார்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன், அக்கா இந்த ஊருக்கு மருமகளாக வருவதற்கும் முன்பு, வெள்ளம் வந்தபோது, தெருவிலேயே உயரமான இந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்துதான் இந்தச் சைரனை ஊதியிருக்கிறார்கள். பிறகு கீழே இறக்கி மூலையில் போட்டதோடு மறந்துவிட்டார்கள்.

கால் மணி நேரத்தில் காப்பாளர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்தார், சட்டையில் பட்டன் மாறியிருந்தது. அவருக்குப் பின்னாலேயே போலீஸ்காரர்.

"யாரும்மா சைரன் அடிச்சது? ஊரே பதறிப்போச்சு!"

"நான்தாங்க. இது தானியம் தூத்துற மெஷின்னு போர்டுல போட்டிருந்துச்சு."

போலீஸ்காரர் போர்டைப் படித்தார். உருளையைப் பார்த்தார். காப்பாளரைப் பார்த்தார். "இதுல என்னத்த சார் தூத்துவீங்க?" என்றார். காப்பாளர் மாறிப்போன பட்டனைச் சரிசெய்தார். "தெருவுல போய்ப் பயப்பட வேணாம்னு சொல்லிடுறேன். இனிமே அடிச்சீங்கன்னா தூக்கிட்டுப் போயிடுவேன், மெஷினை இல்ல, உங்களை," என்று எச்சரித்துவிட்டுப் படியிறங்கியவர், பாதியில் திரும்பி, "எங்கம்மா இந்தச் சத்தத்தைப் பத்தி நிறையச் சொல்லியிருக்காங்க. உங்க நம்பரைக் குடுங்க," என்றார்.

அன்று மதியம் முதல் தொலைபேசி ஓயவில்லை. தண்ணீர் எந்தப் படிவரை வந்தது, சுற்றியவர்கள் கை மாற்றி எத்தனை மணி நேரம் சுற்றினார்கள், எந்த வீட்டில் கூரைமேல் குழந்தை பிறந்தது. அக்கா எழுதினார், டிக்கெட்டுகளின் பின்பக்கம் முழுக்க எழுதினார். வியாழன் மாலைக்குள் இருநூற்றுப் பதினேழு பேர். காப்பாளரும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். சாப்பிடப் போகச் சொன்னால், "இருங்கக்கா, இவங்க வீட்டு ஆட்டைக் கூரைமேல ஏத்தின கதையைச் சொல்லிக்கிட்டிருக்காங்க," என்று கையால் விலக்கினார்.

வெள்ளிக்கிழமை, காப்பாளர் அறைக் கணினித் திரையில் சங்கத்தின் தலைவி தோன்றினார். பக்கத்து ஊர் நாற்பதாயிரத்தைச் சொல்லி முடித்திருந்தது. காப்பாளர் அக்காவை முன்னால் தள்ளிவிட்டார்.

"காட்சிப் பொருளைத் தொடக் கூடாதுங்கிற விதி உங்களுக்குத் தெரியாதா?" என்றார் தலைவி.

"தெரியும்மா. அந்த விதியாலதான் முப்பது வருஷமா பொய்யை மாட்டி வச்சிருந்தோம்."

திரையில் யாரோ இருமினார்கள். அக்கா டிக்கெட் கட்டைப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார். ஏழாவதைப் படிக்கும்போது தலைவி கையை உயர்த்தினார்.

"இன்னும் எத்தனை போர்டு தப்பா இருக்கும்?"

"தெரியாதும்மா. இன்னும் முந்நூத்திப் பதினொண்ணு இருக்கு. கேட்டாத்தான் தெரியும். நீங்க தலைநகரத்துக்கு ஏத்திட்டுப் போனா அங்க யாரைக் கேப்பீங்க? மெத்தையைத் தூக்கிட்டு ஓடினவங்க எல்லாரும் இங்கதானே இருக்காங்க?"

திரையில் இருந்த ஒன்பது பேரும் ஒலியை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டார்கள். வாய்கள் அசைவது மட்டும் தெரிந்தது. காப்பாளர் நகத்தைக் கடித்தார். அக்கா தலைவியின் தலை எந்தப் பக்கம் அசைகிறது என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அது மேலும் கீழும் அசைந்தது. ஒலி வந்தது.

"திறக்கும்வரை சங்கம் பார்த்துக்கும். ஒரு பொருளும் நகராது."

அக்காவுக்கு அழுகை வரும் என்றுதான் காப்பாளர் எதிர்பார்த்தார். அவரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்கு ஓடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நம்ம மியூசியம் இங்கதான்! எங்கயும் போகல!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். எதிர்வீட்டுப் பெரியவர் என்னவென்று புரியாமல், "மறுபடியும் ஏத்தணுமா?" என்று மெத்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.