பேர் வெட்டிய பிறகு

இது உண்மையாகவே நடந்தது. 1957 ஆகஸ்டில், மலாக்கா காஜா பெராங்கில், ஒரு ரப்பர் கிடங்கில். கட்டுக்கதை என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அந்தக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி ஜெயபாலன் அதற்குப் பிறகு சிரித்ததை யாரும் பார்க்கவில்லை.

காலை 6.45க்குப் பெரட்டு. பதினெட்டுக் கொண்ட்ராக் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். ஜெயபாலன் செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துப் பேர் கூப்பிட, ஒவ்வொருவரும் "வந்துட்டேங்க" என்பார்கள். ஊரெல்லாம் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த வாரம், அடுக்கிவைத்த ரப்பர் கட்டு சரிந்து, அவர்களில் ஒருவனான மருதமுத்துவின் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். இந்தியாவிலிருந்து தனியாக வந்தவன். கேட்க நாதியில்லை.

மறுநாள் கொண்ட்ராக்டர் சேதுராமன் வந்தார். ஈரமில்லாத மனுஷன்.

"மருதமுத்து எப்படிங்க இருக்கான்?"

"அவன் போயிட்டான் கிராணி. பேர வெட்டு."

ஜெயபாலனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கே, எப்போது என்று கேட்கவில்லை. 'போயிட்டான்' என்ற பிறகு எந்தத் தமிழன் கேட்பான்? சிவப்பு மையால் பேரை வெட்டினார்.

அன்றே லேபர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அடிபட்டவன் உங்கள் ஆளா? கொண்ட்ராக் ஆளானாலும் அடிபட்டால் கம்பெனிதான் பொறுப்பு. சட்டம் அப்படி. கட்டிய காசைக் கம்பெனி கொண்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ளும். சேதுராமன் சட்டத்தைக் காலில் போட்டு மிதித்தார்.

"நம்ம ஆளே இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. இல்லாட்டி மேனேஜர்கிட்டச் சொல்லிருவேன், பொண்டாட்டி பிள்ளையோட கம்பெனி வீட்டக் காலி பண்ணு."

ஜெயபாலன் கடிதத்தை மேசைக்குள் தள்ளினார். மனசு ஒப்பவில்லை. பயமும் விடவில்லை.

அடுத்த நாள் காலை 6.45. பதினேழு பேர் நின்றார்கள். பொன்னுதுரைக்கும் ராஜனுக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம்.

"தள்ளி நில்லுங்கடா."

யாரும் அசையவில்லை.

"பொன்னுதுரை."

"வந்துட்டேங்க."

ராஜனைக் கூப்பிட வாய் திறந்தார். அதற்குள்...

"வந்துட்டேங்க."

கரகரத்த குரல். நாக்கு தடித்துப்போன குரல்.

"எவன்டா அது?"

பொன்னுதுரை தலை குனிந்துகொண்டான். "எங்களுக்கும் கேக்குதுங்கய்யா."

இரண்டாம் நாளும் வந்தது. மூன்றாம் நாள் பேர்களை மூச்சுவிடாமல் படித்தார். அப்போதும் வந்தது.

ஐந்தாம் நாள் வரிசையிலிருந்து வரவில்லை...

காதோரத்தில் வந்தது.

எட்டாம் நாள் குரலோடு மூச்சும் பட்டது.

சூடாக.

அன்று மத்தியானம் மேசையைத் திறந்தார். 'மருதமுத்து எங்கள் ஆள் அல்ல.' கையெழுத்துப் போட்டார். போட்ட கையை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

ஒன்பதாம் நாள். 6.45.

"பொன்னுதுரை."

"வந்துட்டேங்க."

அமைதி...

"ராஜன்."

"வந்துட்டேங்க."

குரல் வரவில்லை. செத்தவனுக்கும் விளங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார். வெட்கங்கெட்ட நிம்மதி.

8.20க்குப் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ், மலாயில் பேசினாள்.

"மருதமுத்து நேற்று சாயங்காலம் இறந்துவிட்டார்."

"நேத்தா?" ஜெயபாலனுக்கு மலாய் மறந்துபோயிற்று. திக்கித் திணறிக் கேட்டார். "அவன் போய் ஒன்பது நாளாச்சே?"

"இங்கே ஒன்பது நாள் உயிரோடுதான் இருந்தார். நினைவே திரும்பவில்லை. நாலு தடவை போன் செய்தோம். அப்படி ஓர் ஆளே கிடையாது என்று சேதுராமன் வைத்துவிட்டார்."

ஜெயபாலன் செக்ரோலை இழுத்துச் சிவப்புக் கோட்டைப் பார்த்தார்.

"இன்னொன்று," என்றாள் நர்ஸ். "தினமும் காலை ஏழு மணிக்குக் கால் மணி இருக்கும்போது, கண்ணைத் திறக்காமலே ஒருவரைக் கூப்பிடுவார். அண்ணனோ தம்பியோ தெரியவில்லை. உங்கள் கிடங்கில் இருந்தால் வந்து உடலை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்."

"பேரு... என்ன பேரு?"

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"வன்... துட்... டேங்... கா."