பெயரில்லாத ஐந்து வரிகள்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தையல்கார அக்கா எங்கள் நூலகத்தின் பழைய நாளிதழ்ப் பிரிவுக்கு வந்துவிடுவார்; பன்னிரண்டு மணி வரை இருப்பார். பதினோரு வருடமாக இப்படித்தான். முப்பத்தோரு வருடங்களுக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன தம்பியைத் தேடுகிறார். மானம் போய்விடும் என்று அப்பா அப்போது புகார் கொடுக்க விடவில்லை. இப்போது அப்பா இல்லை. படுத்த படுக்கையாக அம்மா மட்டும், மகன் வருவான் என்று உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"எங்க குடும்பப் பேரு வேற யாருக்கும் கிடையாது. எங்கயாவது இருந்தா பேப்பர்ல ஒரு நாள் வராமலா போயிடும்?" என்பார் அக்கா.

தேர்வு முடிவு, ஏலம், கல்யாண அறிவிப்பு என்று பெயர்களை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போவார். அவருக்குத் தெரியாத மொழியில் வந்தவற்றை நான் பார்த்துச் சொல்வேன். ஒருமுறை ஒரு வார இதழின் வாசகர் கடிதத்தில் அந்தப் பெயர் இருந்தது. எழுதிப் போட்டார். பதில் எழுதியவர் தூரத்து உறவில் ஒரு கிழவர். அன்று அக்கா ஒரு பள்ளிச் சீருடைக்கு வலக்கைத் துணியை இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாராம்.

பழைய இதழ்களைத் தைத்துக் கட்டும் எங்கள் பைண்டருக்கு வாய்த்துடுக்கு அதிகம். "அக்கா, பேரு பேருன்னே தேடுறீங்களே, பேரு தெரியாதவங்களை எப்போ பாக்கப்போறீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

"அவங்க எனக்கு எதுக்குப்பா?"

"அடையாளம் தெரியாத உடல்னு போலீஸ் போடுவாங்கள்ல?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் வந்து, தம்பி வீட்டை விட்டுப் போன அந்த மாதத்துத் தொகுப்பைக் கேட்டார். அவன் போன ஆறாம் நாள் இதழில், ரயில் நேர அட்டவணைக்குக் கீழே ஐந்து வரிகள். ஆண் உடல், சுமார் இருபத்திரண்டு வயது, தண்டவாளத்தின் ஓரம். நீலக் கோடு போட்ட அரைக்கைச் சட்டை, சட்டைப்பைக்குள் இன்னொரு பை. யாரும் வராததால் அடக்கம் செய்யப்பட்டது.

"பஸ் பாஸைத் தொலைச்சுக்கிட்டே இருப்பான். அதான் உள்பை வெச்சுத் தெச்சேன்," என்றார். இந்தப் பக்கத்தைத்தான் முதன்முதலில் புரட்டியதாகவும், பெயர் இல்லையென்று தாண்டிப்போனதாகவும் சொன்னார்.

அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு அக்காவுடன் வீடுவரை நானும் போனேன். அம்மா நகலை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

"கோடு போட்ட சட்டை ஊர்ல ஒண்ணுதானா?"

"உள்பை இருக்கேம்மா. நான் தெச்சது."

"பெரிய டெய்லர்! நீதானே அவன் கூட சண்டை போட்டே? போறப்போ எந்தச் சட்டை போட்டிருந்தான், சொல்லு பாப்போம்."

அக்கா நகலை மடித்தார். தம்பி போன அன்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்திருந்தாராம். சட்டையைப் பார்க்கவில்லை.

"சனிக்கிழமை போய் ஒழுங்காத் தேடு," என்று அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அக்கா வந்தார். எந்த வருடம் வேண்டும் என்று கேட்டேன்.

"எதையாவது குடும்மா. பன்னெண்டு மணி வரைக்கும் உக்காந்துட்டுப் போறேன்."