அப்பாவுக்கு ஒரு குடிப்பழக்கம்

வெளிநாட்டுப் பெரிய பல்கலைக்கழகங்கள் சிலவற்றில், இடம் கிடைத்துவிட்டால், நம் வீட்டால் கட்ட முடியாத மீதியை அவர்களே ஏற்றுக்கொள்வார்கள். பிளஸ் டூ படிக்கும்போது இதைத் தேடிக் கண்டுபிடித்தேன். அப்பா கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறார். அம்மா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கிறார். அந்த உதவி இல்லாமல் நான் போக வழியே இல்லை.

அவர்கள் கேட்டவை: வருமானச் சான்று, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, சொத்து விவரம், என்னைப் பற்றி ஒரு கட்டுரை. கட்டுரை தவிர மற்றதெல்லாம் தயார். அதற்காகத்தான் ராஜபாளையத்தில் செல்போன் கடை மாடியில் இருந்த ஆலோசகரிடம் அப்பாவும் நானும் போனோம்.

பேருந்தின் பிரேக் ஏன் கத்துகிறது என்று அப்பாவோடு சேர்ந்து பிரித்துப் பார்த்ததை எழுதி, முதல்நாளே அவர் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பியிருந்தேன். ஆலோசகர் பரோட்டா தின்ற விரலோடு தாளைப் புரட்டினார். எண்ணெய் பதிந்தது.

"இதுல கஷ்டம் எங்கம்மா இருக்கு? அண்ணே, நீங்க குடிப்பீங்களா?"

"இல்ல சார்."

"எப்பவாச்சும்? பொங்கலுக்கு, கோயில் கொடைக்கு?"

"டிரைவர் சார். காலைல ஊதச் சொல்லிப் பாத்துட்டுத்தான் சாவியவே குடுப்பாக."

"வீட்டுல அடிதடி?"

"அவ அம்மா கொசு அடிப்பா சார்."

ஆலோசகர் சிரிக்கவில்லை. "உலகம் பூரா பிள்ளைக அப்ளை பண்ணுது. உதவி வேணும்னு கேட்டாலே அவிய யோசிப்பாக. படிச்சா கண்ணு கலங்கணும்ணே."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "சரி சார். நான் குடிப்பேன்னு போட்டுக்கோங்க."

சமையலுக்கு உப்பு குறைகிறது என்றதும் எடுத்து நீட்டுவதுபோல அதைச் சொன்னார். ஆலோசகர் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. நான் தாளைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தேன்.

படியிறங்கும்போது அப்பா கத்தினார். "அந்த ஊருக்காரன் என்னைய வந்து பாக்கப்போறானா? ஏட்டி, ஒனக்கு எடம் வேணுமா, எம் மானம் வேணுமா?"

"ரெண்டும்."

பிரேக் கட்டுரையையே அனுப்பினேன். இடம் கிடைக்கவில்லை. கட்டுரையாலா, மதிப்பெண்ணாலா, உதவி கேட்டதாலா என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். அப்பா ஓட்டிய பேருந்திலேயே ஏறிப்போய் இன்ஜினியரிங் படித்தேன்.

இந்த வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் ஒரு ஃப்ளெக்ஸ். "விவசாயி மகன் சாதனை. முழு உதவித்தொகையுடன் வெளிநாட்டில் படிப்பு." பையனின் வீடு ஊருக்கே தெரியும். வத்திராயிருப்பில் தாத்தா பெயரில் தென்னந்தோப்பு, மாந்தோப்பு. நூல் மில் சித்தப்பா பெயரில். தோப்பு வருமானத்துக்கு வரி கிடையாது, அதனால் கணக்கும் கிடையாது. ஆகவே காகிதத்தில் அவர்கள் ஏழைகள்.

அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்திருப்பேன். ஆனால் ஆலோசகர் தன் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கவே இல்லை. அங்கே பையனின் படத்தோடு "ஜெயித்த கட்டுரை, மாதிரிக்கு" என்று போட்டிருந்தார். திறந்தேன். விவசாயி மகனுக்குப் பேருந்து ஓட்டும் அப்பா. பேண்டேஜ் மடிக்கும் அம்மா. கத்தும் பிரேக். என் வாக்கியங்கள் இரண்டு அப்படியே. நடுவில் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிறார். கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள், "கண் கலங்கிவிட்டது சார்." கையைக் கழுவ வேண்டும்போல இருந்தது. கழுவினேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் படித்துக்காட்டச் சொன்னார். தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

"உங்க அம்மையையும் விடலையா அவன்?" என்றார். அப்புறம் கதைக்குள் போய்விட்டார். சோற்றைப் பிசைந்த கை நின்றது. "பொறவு? அந்த ஆளு குடிய விட்டாரா?"

கடைசிப் பத்தியில் அந்த அப்பா ஈரல் கெட்டுச் செத்துப்போகிறார்.

"விட்டுட்டாருப்பா."

"நல்லது," என்றார் அப்பா. "பஸ் ஓட்டுறவன்லா."