சொந்த வீடு இருப்பதாகச் சொல்லிக்கொண்ட தரகன்

வீட்டுத் தரகனுக்கு முதல் மூலதனம் ஒரு சொந்த வீடு. அது இல்லாவிட்டால், இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் தைரியம்.

என்னிடம் இருந்தது இரண்டாவதுதான். புதுக்கோட்டையில் பதினெட்டு வருஷமாக இந்தத் தொழில். திருக்கோகர்ணத்தில் குடியிருந்த வாடகை வீட்டை, "நம்ம சொந்த வீடுதாங்க" என்று பார்ட்டிகளிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒவ்வொரு மாசமும் வாடகை கொடுக்கும்போது எனக்கே கோபம் வர ஆரம்பித்துவிட்டது. ஒரு காலத்தில் மனை விற்றேன். பொட்டல் காட்டில் கலர் கொடி நட்டு, 'பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம்' என்று நோட்டீஸ் அடிப்போம். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இப்போது ஜனங்கள் கையில் காசில்லை. வெளிநாட்டுச் சம்பளம் குறைந்தது, கம்பெனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின, சிமெண்ட் விலை மட்டும் வஞ்சகமில்லாமல் ஏறியது. "சொந்த வீடு இருக்கா?" என்று கேட்டவர்கள் எல்லாம், "சொந்த வீடு மாதிரி ஏதாச்சும் இருக்காண்ணே?" என்று கேட்கத் தொடங்கினார்கள். நானும் 'மாதிரி'களுக்கு மாறிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டு ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். ரிட்டயர்டு வாத்தியார். சிங்கப்பூரில் மகனுக்கு வேலை போய்விட்டதாம், மருமகளோடு ஊருக்கே வருகிறானாம், ஆடி பிறப்பதற்குள் நாங்கள் காலி பண்ணித் தர வேண்டுமாம். என் மனைவி செல்வி முன் அறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். எனக்கு எந்த மாசம் கமிஷன் வரும் என்று எனக்கே தெரியாது. எங்கள் அடுப்பு எரிவது அவள் மெஷினால்தான். ஆகவே எங்களுக்கு வேண்டியது அதே வட்டாரத்தில், சின்ன வாடகையில், மெஷின் போட விடுகிற ஒரு வீடு. கையில் இருந்தது ஒன்றரை மாசம். வாடகை வீட்டில் காலம் தள்ளும் சக ஜீவன்களே, அது எவ்வளவு சீக்கிரம் ஓடிப்போகும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஒன்பது முருகன் வீடு

இப்போது ஊரில் ஒத்திக்குத்தான் கிராக்கி. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மூன்று வருஷம் வாடகையில்லாமல் குடியிருக்கலாம். காலி பண்ணும்போது தொகை அப்படியே திரும்பி வரும். வரும் என்பது ஒரு நம்பிக்கை. ஏனென்றால் அந்தத் தொகையில் வீட்டுக்காரர் மகள் கல்யாணத்தை முடித்திருப்பார். அடுத்த ஒத்திக்காரர் பணம் கொண்டுவந்தால்தான் முந்தைய ஒத்திக்காரருக்கு விடுதலை.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டை விற்ற காசில் ஒத்திக்கு வந்த சரசு அக்கா, மூன்று வருஷமும் மழைக்கு மழை எனக்குப் போன் போட்டு, "ஒழுகுதுடா பாவி, வைக்கிறதுக்கு இனிமே சட்டி இல்ல" என்று திட்டியவர். கெடு முடிந்து, புது பார்ட்டியை நான் கூட்டிக்கொண்டு போன அன்றைக்குப் பார்க்க வேண்டுமே அவரை! காபி என்ன, முறுக்கு என்ன! "காத்து அப்பிடி வரும்ங்க. இங்க வந்தப்புறந்தான் எங்க வீட்டுக்காரருக்குச் சக்கரையே கொறஞ்சுச்சு" என்கிறார். ஒழுகின கறையெல்லாம் எங்கே போச்சு என்று அண்ணாந்து பார்த்தேன். கறை இருந்த இடமெல்லாம் முருகன் காலண்டர். எண்ணினேன், ஒன்பது. எனக்கே அந்த வீட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. ஆனால் மொத்தமாகக் கொடுக்க என்னிடம் இருந்தது செல்வியின் மெஷின் ஒன்றுதான்.

பார்ட்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், முறுக்கை மிச்சம் வைக்காமல் தின்றார், தெருமுனைக்கு வந்ததும் என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "இம்புட்டு நல்ல வீட்ட விட்டுட்டு அந்த அம்மா ஏன் போகுது? என்னமோ இருக்கு. நமக்கு வேணாம்ணே."

ஐஸ் பெட்டிக்குள் குடித்தனம்

ஜெகதாப்பட்டினத்தில் ஒரு மீன் வியாபாரி. கையளவு இடம் இருந்தது, வீடு கட்ட லோன் கிடைக்கவில்லை. பழைய மீன் வண்டியின் ஐஸ் பெட்டி ஒன்று விலைக்கு வருவதாக நான்தான் துப்புக் கொடுத்தேன். ஒரு அறை அளவுக்கு நல்ல கனமான பெட்டி, நாலு பக்கமும் சூடு ஏறாத சுவர். கிரேன் வைத்துத் தூக்கி இறக்கினோம், ஜன்னல் வெட்டினோம், பச்சை பெயிண்ட் அடித்தோம், பால் காய்ச்சினோம். 'ஏசியே இல்லாம ஏசி வீடு' என்று நான் சுற்றி நின்றவர்களிடம் முழங்கினேன். அளவாக இன்னொரு பெட்டி கிடைத்தால் செல்விக்கும் ஒன்று பார்க்கலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

பத்து நாள் கழித்து மறுபடி போனேன். வாசலில் பூனைகள் கூட்டம் போட்டு உட்கார்ந்திருந்தன. பினாயில், சாம்பிராணி, எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டும் வருஷக்கணக்காக ஊறின மீன் வாடை அசைந்து கொடுக்கவில்லை. வெயில் ஏற ஏற அதுவும் ஏறியது. வியாபாரி என்னைக் கண்டதும் வலையைச் சரி பார்க்கிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவிதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "இருவது வருசமா இந்த மனுசன் மட்டுந்தான் நாறிக்கிட்டு வீட்டுக்கு வருவாரு. இப்ப வீடும் சேந்துருச்சு. இதுல யாரக் குளிக்கச் சொல்றது?"

ஆணி

எனக்கென்று தேட ஆரம்பித்தபோதுதான், இத்தனை வருஷம் நான் கூட்டிப்போனவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று உறைத்தது. மச்சுவாடியில் மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட ஒற்றை அறை. கீழே 'பென்ட்ஹவுஸ் வாடகைக்கு' என்று போர்டு. போர்டு எழுதிக் கொடுத்தது நான்தான். அந்தப் பாவம் சும்மா விடுமா?

ஓனர் நிபந்தனைகளை ஒரு முழு வெள்ளைத்தாளில் எழுதி வைத்திருந்தார். கறி சமைத்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விருந்தாளி வந்தால் செருப்பைக் கீழேயே விட வேண்டும். தையல் மெஷின் என்றதும் பேனாவை எடுத்துப் புதிதாக ஒரு வரி சேர்த்தார், 'அதிர்வு கூடாது' என்று. செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அளவு டேப் மாட்ட ஒரே ஒரு ஆணி மட்டும் அடிச்சுக்கிறேங்க" என்று கேட்டுவிட்டாள். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது.

"ஏம்மா, சித்தன்னவாசல்ல ஆயிரம் வருசமா படம் இருக்கு. அங்க யாராச்சும் ஆணி அடிச்சாங்களா?"

நான் தொலைத்த வீடு

இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஆனி மாசம் மூன்றாவது வாரம் ஒரு வீடு கிட்டத்தட்ட முடிந்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வீட்டுக்கார அம்மாவுக்கு செல்வியை ரொம்பப் பிடித்துப்போய், "மெஷின் தாராளமாப் போட்டுக்க, எனக்கும் ரெண்டு ஜாக்கெட் இருக்கு" என்று சொல்லிவிட்டார். செல்வி பக்கத்துக் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போயேவிட்டாள். அட்வான்ஸை எடுத்து நீட்டுகிறேன், அந்த அம்மாவின் கணவர் வந்து சேர்ந்தார். "இவரு நம்ம புரோக்கருல்ல? இவருக்குத்தான் சொந்த வீடு இருக்கே? போன வருசம் நம்ம மச்சானுக்கு வீடு காட்டுறப்ப இவரே சொன்னாரே?"

சக ஜீவன்களே, என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உண்மையைச் சொன்னால் பொய்யன் என்று ஊர் முழுக்கப் பேராகிவிடும், நாளையிலிருந்து தொழிலுக்கு முழுக்கு. அதனால், "அது... கைய விட்டுப் போயிருச்சுங்க" என்று முனகினேன். "சீட்டா? குடியா?" என்று அனுதாபமாகக் கேட்டார். வாழ்க்கையில் ஒரு செங்கல்கூட வாங்கியிராத நான், கட்டாத வீட்டைத் தொலைத்த குற்றத்துக்காகக் காது சிவக்க நின்றேன். அவர் அட்வான்ஸை என் சட்டைப்பைக்குள் திருப்பிச் செருகி, தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"வருத்தப்படாதீங்க. ஆனா சொந்த வீட்டையே காப்பாத்தத் தெரியாத ஆள நம்பி எங்க வீட்ட எப்பிடிங்க குடுக்கிறது?"

ஆடி செய்த உதவி

'ஆடி பொறந்தா ஒருத்தரும் குடி போக மாட்டாங்க, இப்பவே முடிச்சுருங்க' என்று சொல்லிச் சொல்லித்தான் பதினெட்டு வருஷமாக நான் பார்ட்டிகளை விரட்டியிருக்கிறேன். அந்த ஆடி எனக்கே எமனாக வந்தது. ஆனி முடிய நாலு நாள். செல்வி பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டாள். எங்கே இறக்குவது என்று மட்டும் தெரியாது. ராத்திரியில் தூக்கமில்லை, பகலில் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் மாடியில் வாத்தியாரின் மனைவிக்கு ஞானம் பிறந்தது. மகன் டிக்கெட் போட்டிருப்பது ஆடி ரெண்டாம் தேதிக்கு! 'ஆடியில மருமக பால் காய்ச்சுறதா?' என்று மாடியில் ஒரு பெரிய சண்டை. மகனும் மருமகளும் ஆடி முடிகிறவரை பெண் வீட்டிலேயே இருப்பது என்று முடிவானது. வாத்தியார் இறங்கி வந்து, பூட்டிப் போட்டால் வீடு பாழாகிவிடும், ஆகவே நாங்கள் ஆடி மாசம் பூராவும் இருந்துகொள்ளலாம் என்று அறிவித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கும்பிடப் போன என் கையைத் தடுத்து, சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"ஆவணியில நீங்க போறதுக்கு நல்ல நேரம் நானே பாத்து வச்சிட்டேன் தம்பி. நீங்க வீட்ட மட்டும் பாருங்க."

ஒரு கை அளவு

ஆடி நடுவில் பரமேஸ்வரி ஜாக்கெட் தைக்க வந்தாள். செல்வியின் பழைய வாடிக்கை. புருஷன் துபாயில். நாலு தெரு தள்ளி அவர்கள் கட்ட ஆரம்பித்த வீடு, கான்கிரீட் போட்டதோடு நிற்கிறது. சம்பளம் குறைந்ததால் பூச்சு இல்லை, தரை இல்லை, கதவுகள் இல்லை. காவலுக்கு ஆளில்லாமல் ஜன்னல் கம்பியை எவனோ பேர்த்துக்கொண்டு போயிருக்கிறான். இதைச் சொல்லி அவள் புலம்ப, செல்வி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மெதுவாகப் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். வாடகை கிடையாது, அதற்குப் பதிலாக மாசத்துக்கு ஒரு வேலையை எங்கள் செலவில் நாங்கள் முடித்துத் தர வேண்டும். இந்த மாசம் வாசல் கதவு, அடுத்த மாசம் ஒரு அறைக்குத் தரை, இப்படி. எல்லாம் முடிந்ததும் பரமேஸ்வரி குடி வருவாள். மெஷின் போடலாமா என்று கேட்டதற்கு, சுவரே பூசவில்லை, எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்றாளாம்.

நான் அன்றைக்கும் எங்கெங்கோ அலைந்து வேர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்தேன். செல்வி ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் கொடுத்தாள்.

"பதினெட்டு வருசமா ஊருக்கெல்லாம் வீடு பாக்குறீங்க. நான் ஒரு கை அளவு எடுக்கிறதுக்குள்ள பாத்துட்டேன். கமிஷன எடுத்து வைங்க."

கொத்தனாரின் குழப்பம்

ஆவணியில், வாத்தியார் குறித்த அதே நல்ல நேரத்தில், குடி போனோம். ஆணி அடிக்கக் கேட்க வேண்டியதில்லை. சுவரெல்லாம் செங்கல், இடுக்கில் செருகினால் நின்றது. குளியலறைக்குக் கதவில்லை, செல்வியின் பழைய சேலைதான் கதவு. முன் அறையில் மெஷின் ஓட ஆரம்பித்த அன்றைக்குத்தான் ரெண்டு மாசத்துக்கப்புறம் நான் வயிறாரச் சாப்பிட்டேன். முதல் மாசம் வாசல் கதவு. இரண்டாம் மாசம் முன் அறைக்குத் தரை. மூன்றாம் மாசம் பூச்சு வேலைக்குக் கொத்தனார் வந்து, "ஆளு ரெண்டு சேத்துப் போட்டா தை மாசத்துக்குள்ள வீட்டையே முடிச்சுப்புடலாம்ங்க" என்று உற்சாகமாகச் சொன்னபோதுதான் எனக்கும் செல்விக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டியது. முடித்தால் கிளம்ப வேண்டும். மறுபடி ஊர் முழுக்க அலைய வேண்டும். அந்தப் பக்கம் பரமேஸ்வரி மாமியார் வீட்டில் ஒரே அறையில் முடங்கிக் கிடக்கிறாள், அதுவும் தெரியும். நெஞ்சு உறுத்தாமல் இல்லை. இருந்தாலும் செல்வி மெஷினை நிறுத்திவிட்டு, "அவசரமே இல்லைங்க கொத்தனாரே, ஒரு செவுரு ஒரு மாசம்னு நெதானமாப் பூசுங்க. இங்கிட்டு முடிச்சுட்டு அங்கிட்டுப் போலாம்" என்று சொல்லி, வாங்கி வைத்திருந்த டீயை நீட்டினாள்.

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாப்பது வருசமா இந்த வேலை பாக்குறேன். எனக்கு வெரசா முடின்னு ஏச்சுத்தான் கெடைச்சிருக்கு. மெதுவாச் செய்யச் சொல்லி டீ வாங்கிக் குடுத்த மொத ஆளு நீங்கதான்."

ஊரில் எல்லோரும் வீட்டைக் கட்டி முடிக்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்கிறார்கள். நானும் செல்வியும்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றி, எங்கள் வீடு இன்னும் ரெண்டு வருஷத்துக்காவது முடியாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.