வயிரவன் அண்ணன் கீழே வைத்த சுருட்டு

சிவகங்கை நீதிமன்றத்துக்குப் புறப்பட்டு வண்டியில் ஏறும் நேரத்தில் டாக்டர் செல்வராஜ் அழைத்தார். "வக்கீல் சார், அண்ணன் போயிட்டாக. தூக்கத்துலயே." அன்றைய வழக்கில் வாய்தா வாங்கச் சொல்லி ஜூனியரை அனுப்பிவிட்டு, வயிரவன் அண்ணன் வீட்டுக்கு நடந்தே போனேன். அன்று எனக்கு இருந்தது துக்கம் மட்டும். கோபம் படத்திறப்பு அன்றுதான் வந்தது. அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுதினால் அது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. எனவே நான் நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

குண்டூர்ப் பக்கம் ஒரு புகையிலைக் கம்பெனியில் இலையைத் தரம் பிரிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்று, காரைக்குடிக்குத் திரும்பியவர் அவர். உறவினர்கள் மலேசியாவிலிருந்தும் துபாயிலிருந்தும் வரும்போது உயர்ந்த ரகச் சுருட்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அவர் வீட்டுப் பின்கட்டில் அவரும் டாக்டரும் நானும் உட்கார்ந்து அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஆளுக்கு மூன்று சுருட்டுகள், மூன்றும் ஒரே நீளம், ஒரே தடிமன். இந்த நிபந்தனையில் அவர் அணுவளவும் விட்டுக்கொடுத்ததில்லை. "தடிமன் மாறுனா சூடு மாறும், சூடு மாறுனா ருசி மாறும். பெறகு எலயவா ஒப்பிடுறீக, அடுப்பவா?" என்பார். கம்பெனிப் பெயர் அச்சிட்ட காகித வளையங்களை அவர் மனைவி தேனம்மை ஆச்சி உள்ளே வைத்துக் கழற்றிவிட்டு, சிவப்பு, பச்சை, வெள்ளை நூல்களைக் கட்டி அனுப்புவார். எது எந்த ஊர்ச் சுருட்டு என்பது ஆச்சிக்கு மட்டுமே தெரியும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பொரியும் தண்ணீரும். காபி கூடாது.

புகையிலை உடம்புக்கு நல்லது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. டாக்டர் அங்கே உட்கார்ந்துகொண்டே அவரைத் திட்டுவார். அவர் சிரிப்பார்.

ஒருமுறை டாக்டரே தம் மருமகன் கொடுத்த விலையுயர்ந்த கியூபாச் சுருட்டைக் கொண்டுவந்தார். நூல் கட்டி வந்த மூன்றையும் புகைத்துவிட்டு, பச்சை நூலுக்குக் கடைசி இடம் கொடுத்தார். ஈரச் சாக்கு வாசம் அடிக்கிறது என்றும் சொன்னார். ஆச்சி வந்து சொன்ன பிறகுதான் பச்சை நூல் அவருடைய கியூபா என்று தெரிந்தது. உடனே, "இல்லண்ணே, இப்ப யோசிச்சுப் பாத்தா அதுல ஒரு வறுத்த மல்லி வாசம் இருந்துச்சு" என்று ஆரம்பித்தார். அண்ணன் என் பக்கம் திரும்பினார். "வக்கீல் சார், நாக்கு சாட்சி சொல்லி முடிச்சிருச்சு. இப்பக் கண்ணு கூண்டுல ஏறி மாத்திச் சொல்லுது. ஒங்க கோர்ட்டுல இதுக்கு என்ன பேரு?" பிறழ்சாட்சி என்றேன். அன்று முழுவதும் டாக்டரை அப்படியேதான் கூப்பிட்டார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. இனி நான் சொல்லப்போவதற்கு இதுவே அடிப்படை. எந்தச் சுருட்டானாலும், எவ்வளவு மோசமானதானாலும், முதல் மூன்றில் ஒரு பங்கை அவர் முகம் மாறாமல் புகைப்பார். "என் மூஞ்சி சுளிச்சா ஒங்க நாக்கு சுளிச்சுக்கும்" என்பது அவர் சொன்ன காரணம். அதன் பிறகு பிடித்திருந்தால் தொடர்வார். பிடிக்காவிட்டால் தட்டில் கீழே வைத்துவிடுவார். வைத்ததை மறுபடி எடுக்கமாட்டார்.

சென்ற ஆண்டு அவரைப் பெரியப்பா முறை வைத்து அழைக்கும் பங்காளி வீட்டுப் பிள்ளை ஒருவர், பழைய பங்களா ஒன்றைச் சுற்றுலா விடுதியாக்கி நடத்துபவர், தாமே செய்வித்த சுருட்டுடன் வந்தார். அவர் பெயரை எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். கூடவே ஒரு புகைப்படக்காரரையும் அழைத்துவந்திருந்தார். அவருடைய சுருட்டுக்குச் சிவப்பு நூல் விழுந்தது. அண்ணன் வழக்கம்போல முதல் பங்கைப் புகைத்தார், படம் எடுத்தார்கள். பிறகு அதைக் கீழே வைத்தார். "மாட்டுக்கொட்டக நெடி" என்றார் டாக்டர். இதை நான் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். சிவப்பு நூல் யாருடையது என்று ஆச்சி சொன்னதும் அண்ணன் விடுதிக்காரரைப் பார்த்தார்.

"எல இன்னும் பதப்படல அப்பு. ஊறாத அரிசிய ஆட்டி இட்லி ஊத்தி, மேல நெய்ய விட்டுக் கொண்டாந்திருக்க."

"பெரியப்பச்சி, அடுத்த தடவ சரி பண்ணிருவோம். வெளிநாட்டுக்காரக வந்து தங்குற எடம். ஒங்க பேரச் சொன்னா நம்புவாக. நல்லாருக்குன்னு ஒரு வார்த்த மட்டும்..."

"நம்புவாகன்னுதான சொல்ல மாட்டேங்கிறேன்." பிறகு உட்பக்கம் குரல் கொடுத்தார். "தேனம்மை, அப்புக்குப் பணியாரம் கொண்டா. தீர்ப்பு வேற, பணியாரம் வேற."

விடுதிக்காரர் பணியாரத்தைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

படத்திறப்புச் செலவை விடுதிக்காரரே ஏற்றுக்கொண்டார் என்றபோது நல்ல மனம் என்று நினைத்தோம். திரை விலகியது. அண்ணன் சுருட்டுப் புகைக்கும் படம். அன்றைக்கு எடுத்த படம். ஆனால் சிவப்பு நூல் இருந்த இடத்தில் விடுதியின் பொன்னிற வளையம் பளபளத்தது. கணினியில் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பத்திரத்தில் இப்படி ஒட்டினால் அதற்குச் சட்டத்தில் பெயர் உண்டு. இறந்தவர் கையில் ஒட்டினால் அதற்குப் பெயர் அஞ்சலியா? அந்தச் சுருட்டு இனி அண்ணனின் பெயரோடும் இந்தப் படத்தோடும் பெட்டியில் வரும் என்று விடுதிக்காரர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. டாக்டர் செல்வராஜ் எழுந்து, "அண்ணனுக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் கிடையாது" என்று பேசினார்.

பந்திக்குப் போகும் வழியில் அவரை நிறுத்தினேன். "டாக்டர், அன்னைக்கு நீங்களும் இருந்தீக."

"இருந்தேன் சார். அதுக்காகத் துக்க வீட்டுல மல்லுக்கட்டச் சொல்றீகளா? செத்தவுகளுக்குப் பெருமைதான செய்றாக."

"வேணாம்னு அவுக கீழ வச்சதுல அவுக மூஞ்சியவே ஒட்டுறது பெருமையா?"

"வக்கீலுக்குத் தொட்டதெல்லாம் வழக்கு" என்று சிரித்துவிட்டு இலையில் போய் உட்கார்ந்தார்.

விடுதிக்காரரிடமும் கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "படத்துல பெரியப்பச்சி ரசிச்சுத்தான சார் இழுக்குறாக? யாரு வேணும்னாலும் பாத்துக்கிறட்டும்." முகம் சுளித்தால் எங்கள் நாக்கு கெட்டுவிடும் என்று அண்ணன் காத்த நாகரிகத்தையே அவருக்கு எதிரான சான்றாக்கிவிட்டார்கள். புகையிலைக்கு விளம்பரம் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அது தனி வாதம், அதற்கு நேரம் வரும். என்னைக் கொதிக்க வைப்பது வேறு. நாற்பது ஆண்டுகளாக இலையைப் பற்றி ஒரு பொய் சொல்லாத வாய் அது. அது மூடிய பிறகு அதிலேயே பொய்யைத் திணித்திருக்கிறார்கள். துக்க வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்ற நம் ஊர் வழக்கத்தை நம்பியே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நம்பியது வீண்போகவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஆச்சி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அத எறக்குங்க." மாலையோடு இறக்கினேன். மாலையை வாங்கிக்கொண்டு, படத்தை வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பச் சொன்னார். "சொந்தக்காரப் பிள்ளைன்னு அவுக ஒரு பேச்சு எறங்கி வந்திருந்தா, இன்னைக்கு எனக்கு இந்த அசிங்கம் இல்ல" என்றார். பிறகு அவரே, "எறங்கியிருந்தா அது அவுகளே இல்ல" என்றார்.

அண்ணனின் படத்தையும் பெயரையும் பயன்படுத்தக் கூடாது என்று ஆச்சியின் சார்பில் விடுதிக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறேன். இதை எழுதும்வரை பதில் இல்லை. அவரை அறிந்த உங்களிடம் நான் கேட்பது எளியது. அந்தப் பெட்டியை யாராவது உங்களிடம் நீட்டினால், இது வயிரவன் வேண்டாம் என்ற சுருட்டு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அது துக்க வீடாகவே இருந்தாலும் சொல்லுங்கள். டாக்டர், நீங்களும்தான்.

அவர் நினைவாக என்னிடம் ஒரு பொருளும் இல்லை; கேட்கவுமில்லை. சொந்தக்காரப் பிள்ளையின் முகத்துக்கு நேரே, பசியோடு அனுப்பாமல், அவர் சொன்ன அந்த 'மாட்டேன்' மட்டும் என்னிடம் இருக்கிறது. அவர் அதைக் கோபமில்லாமல் சொன்னார். எனக்கு அது இன்னும் கைவரவில்லை.