ஃபோல்டரில் இல்லாத அலறல்

பல்லனுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். முன்பெல்லாம் அவன் திரையில் தலைகாட்டினாலே தியேட்டரில் பாதிப் பேர் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். சிவந்த கண், தரையைக் கூட்டும் கறுப்பு அங்கி, உதட்டைத் தாண்டித் தொங்கும் இரண்டு பல். வசனம் என்று ஒரு வரி கிடையாது. சீறுவான், கடிப்பான், விடிந்தால் சாம்பலாவான். இப்போது வருகிற பல்லன் தினமும் ஷேவ் செய்துகொள்கிறான். பியானோ வாசிக்கிறான். மனித ரத்தத்தைத் தொடமாட்டேன் என்று சபதம் வேறு. பல் டாக்டரிடம் போய்ச் சீர்செய்துகொண்டவன் போலப் பல் இருக்கிற இடமே தெரிவதில்லை. தப்பித்தவறி யாரையாவது கடித்துவிட்டால் இரண்டு பக்கத்துக்கு மன்னிப்பு வசனம் பேசுகிறான். கேட்கிற பெண்களுக்கெல்லாம் கண் கலங்கிவிடுகிறது.

ஊர் உலகம் அறிந்த பெயர் ரத்தக் காட்டேரி. பல்லன் என்பது டப்பிங் தியேட்டரில் அவனுக்கு வைத்த செல்லப் பெயர். வைத்தவள் அலறலக்கா.

அவளுக்கும் சொந்தப் பெயர் ஒன்று உண்டு, ஆனால் இருபத்தைந்து வருடமாக அந்தத் தொழிலில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருபத்திரண்டு வயதில் கும்பல் குரல் கொடுக்கத்தான் போனாள். பத்துப் பேராகச் சுற்றி நின்று சந்தை இரைச்சல், கல்யாண வீட்டுச் சலசலப்பு என்று எதையாவது பேசுவது. ஒரு நாள் கதாநாயகிக்குக் குரல் கொடுப்பவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஜன்னல் வழியாகப் பல்லன் எட்டிப்பார்க்கிற காட்சி, ஒரே ஒரு அலறல்தான் பாக்கி. “யாராவது கத்துங்கப்பா” என்றார்கள். இவள் முன்னே வந்து கத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்டு இன்ஜினியர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

அன்றிலிருந்து கொடிகட்டிப் பறந்தாள். அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுப்பாள். முகத்தை மைக்கிலிருந்து நாலு விரல் இடப்பக்கம் திருப்புவாள், நேராகக் கத்தினால் மீட்டர் முள் சிவப்பில் போய் இடிக்கும். முடிந்ததும் உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் வாயே திறக்கமாட்டாள். இன்ஜினியர் அவளுடைய அலறல்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டராகச் சேர்த்து வைத்திருந்தார். ஜன்னல் அலறல், கிணற்று அலறல், மாடிப்படி அலறல் என்று எண் போட்டு நாற்பத்தொன்று. சின்னப் படம் என்றால் அவளைக் கூப்பிடாமலே அதிலிருந்து ஒன்றை உருவி ஒட்டிவிடுவார். “அக்கா, நேத்து நீங்க மூணு படத்துல செத்தீங்க” என்பார்.

இப்படி ஊருக்கெல்லாம் அலறினவள் வீட்டில் என்ன நடந்தது என்பதுதான் கதை.

அவளைக் கட்டிக்கொண்டவன் ஒரு மெடிக்கல் ரெப். மடிப்புக் கலையாத சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. தெருவில் யாருக்குத் தலைவலி என்றாலும் பையிலிருந்து மாத்திரை எடுத்து நீட்டுவான். மேல்வீட்டு டீச்சர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அவனுடைய சாயங்காலங்கள் மட்டும் யாருக்கும் தெரியாது. வேலை முடிந்து ஆறரைக்கு வருவான். அன்றைக்கு எந்த டாக்டராவது காக்க வைத்திருந்தால் அந்தக் காத்திருப்புக்கெல்லாம் சேர்த்து இவள் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும்.

முதல் தடவை அவள் அலறியபோது டீச்சர் உடனே இறங்கி வந்து கதவைத் தட்டினார். நல்ல மனுஷி, அதைச் சொல்லத்தான் வேண்டும். ரெப் கதவுக்குப் பின்னால் நின்று இவள் கையை முறுக்கிப் பிடித்திருந்தான். இவள் பாதிக் கதவைத் திறந்து, “பிராக்டிஸ் டீச்சர். நாளைக்குப் பேய்ப் படம் ஒண்ணு” என்றாள். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். மானம் போகாமல் இருந்தால் போதும் என்று தோன்றியது. டீச்சர் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். “உசுரே போயிடுச்சு போ. சொல்லிட்டுக் கத்தக் கூடாதா?”

வேறு எந்த வீட்டிலும் அந்தப் பொய் ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது. இவள் வீட்டில் வருடக்கணக்காக ஓடியது. கட்டடம் முழுவதும் பழகிப்போனது. ரெப்பே படியில் பார்க்கிறவர்களிடம், “வீட்டுல ஒரே ரிகர்சல் சார், என் காது போச்சு” என்று அங்கலாய்ப்பான். அப்புறம் அவனும் கற்றுக்கொண்டான், சத்தம் ஆரம்பித்த உடனே உள்ளங்கையால் வாயைப் பொத்திவிடுவான். அதனால் அவளுடைய வீட்டு அலறல் நீளமாக இருக்காது. தொடங்கும், சட்டென்று அறுந்துபோகும்.

மகள் அப்போது சின்னது. சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் உள்ள ஓடுகளை எண்ணும். எல்லாம் அடங்கியதும் இவள் முகம் கழுவிக்கொண்டு போய்க் கதவைத் திறப்பாள். “அம்மா பிராக்டிஸ் பண்ணேன்டா குட்டி. நல்லா இருந்துதா?” குழந்தை கைதட்டும். அந்தக் கைதட்டல் இன்றைக்கும் அவளைத் தூங்கவிடாது. அடிபட்ட இடமெல்லாம் ஆறிவிட்டது, அது மட்டும் ஆறவில்லை.

மூன்று முறை ரெப் கோபித்துக்கொண்டு வெளியேறினான். மூன்று முறையும் மறுநாள் ஆறரைக்கு வாசலில் வந்து நின்றான். குளித்து, தலைவாரி, பழப் பையோடு. உள்ளே கால் வைக்கமாட்டான். தலையைச் சாய்த்து, பூனை மாதிரி மெல்லக் கேட்பான்: “உள்ள வரலாமா?” மூன்று முறையும் இவள் “வாங்க” என்றாள். குழந்தைக்கு ஐந்து வயதாகும்போது ஒருநாள் அவன் அதன் பக்கம் கையை ஓங்கினான். அவன் வெளியூர் டூர் போன அன்று பூட்டை மாற்றினாள். நான்காவது முறை வந்து கேட்டபோது அவள் கதவுக்குப் பின்னால் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போனான்.

குழந்தையிடம், “அப்பாவுக்கு வேலை வெளியூர்ல” என்றாள். கொஞ்சம் வளர்ந்ததும், “எங்களுக்குள்ள ஒத்து வரலை” என்றாள். அதற்கு மேல் எப்போது கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவாள்.

இப்படிப் பதினான்கு வருடம் போனது. மகளுக்குப் பத்தொன்பது வயது. ஆறு மாதத்துக்கு முன்னால் ரெப் அவளைப் போனில் கண்டுபிடித்தான். இப்போது அவனுக்கு நரைத்த தாடி, மூக்குக் கண்ணாடி, லேசான இருமல். காபிக் கடையில் சந்தித்துப் பேசினார்களாம். அவளுக்குப் புத்தகம் வாங்கித் தந்தானாம். தனியாகவே காலத்தை ஓட்டினானாம், அம்மாவுக்கு வேலைதான் பெரிதாக இருந்ததாம், அவன் யாரையும் குறை சொல்லவில்லையாம். மகள் உருகிப்போனாள்.

பியானோ வாசிக்கிற பல்லன் வருகிற டிவி தொடரும் அதே சமயத்தில்தான் வந்தது. கதாநாயகிக்கு அலறலக்காவே குரல். நாற்பத்தேழு வயதிலும் அவள் குரல் மட்டும் இருபதிலேயே நின்றிருந்தது. மகள் ஒரு வாரம் விடாமல் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அலறலக்காவுக்கே அந்தப் பல்லனைப் பிடித்துப்போயிருந்தது. ஐந்தாம் பாகத்துக்குக் குரல் கொடுக்கும்போது மைக் முன்னாலேயே அழுதுவிட்டாள். மனுஷன் மாறக்கூடாதா என்ன என்று அவளுக்கும் தோன்ற ஆரம்பித்திருந்தது. எதை நம்பி அப்படித் தோன்றியது என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

“பழைய படத்துல எல்லாம் அவனைப் பேசவே விடலையேம்மா” என்றாள் மகள். “இப்பதான் அவன் பக்கத்தையும் கேக்கறாங்க.”

“கடி வாங்கினவ பக்கத்தை எப்ப கேட்டாங்க?”

“நீதான் எதையுமே சொல்லமாட்டியே.”

அது உண்மைதான்.

“அப்பா வீட்டுக்கு வரணும்னு சொல்றார்மா. உடம்பு முடியலை அவருக்கு. ஒரு தடவை வரட்டும், பேசட்டும். பிடிச்சா இங்கயே இருக்கட்டும்.”

இரண்டு நாள் யோசித்துவிட்டு, “சரி, வெள்ளிக்கிழமை வரச் சொல்லு” என்றாள் அலறலக்கா. ஆறரை மணிக்கு வருவதாகப் பதில் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மதியம்தான் பத்தாம் பாகத்துக்கு டப்பிங். கல்லூரி விடுமுறை என்று மகளும் கூட வந்து இன்ஜினியர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். திரையில் காட்சி ஓடியதும் இன்ஜினியர் துள்ளினார். “அக்கா, நம்ம பழைய ஜன்னல் சீன்! அப்படியே திரும்ப எடுத்திருக்காங்க.”

அதே உயரமான ஜன்னல், அதே வெள்ளைத் திரைச்சீலை. ஆனால் இந்தப் பல்லன் எட்டிப்பார்த்துச் சீறவில்லை. பழைய கதையிலும் புதுக் கதையிலும் மாறாத சட்டம் ஒன்று உண்டே, வீட்டில் இருப்பவர்கள் அழைக்காமல் அவன் உள்ளே வரமுடியாது. அவன் வெளியே நின்று தலையைச் சாய்த்துக் கேட்டான்: “உள்ள வரலாமா?” அந்தப் பெண் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டு “வா” என்கிறாள். அவ்வளவுதான் இவள் கொடுக்க வேண்டியது.

காதுக்குள் “உள்ள வரலாமா?” என்று கேட்டது. இவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

“பயம் வேண்டாம் மேடம்” என்றார் டப்பிங் டைரக்டர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து. “இப்ப இது லவ். நிம்மதியா ஒரு மூச்சு, அப்புறம் ‘வா’.”

மறுபடி ஓட்டினார்கள். இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் காதுக்குப் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டது. ஐந்தாவது தடவை அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முகத்தைத் திருப்பவும் இல்லை, அடிவயிற்றிலிருந்து மூச்செடுக்கவும் இல்லை. தொடங்கியது, சட்டென்று அறுந்தது. அவளுடைய வலது கை அவள் வாயையே பொத்தியிருந்தது.

இன்ஜினியர் ஒரு முறை திருப்பிப் போட்டுக் கேட்டார். ஸ்பீக்கரில் அது இன்னும் பெரிதாகக் கேட்டது.

“என்னக்கா இது? நம்ம ஃபோல்டர்ல இப்படி ஒண்ணு இல்லையே” என்றார். “நாப்பத்தொண்ணுல எதுவும் இல்லை. நீங்க எந்தப் படத்துலயும் இப்படிக் கத்தினதே இல்லை.”

மகள் நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தபோது அவள் உதடு அசைவது அலறலக்காவுக்குத் தெரிந்தது. முதலில் எதையோ தனக்குள் எண்ணுகிறாள் என்றுதான் நினைத்தாள். பிறகுதான் புரிந்தது. குளியலறைச் சுவர் ஓடுகள்.

பேருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். பாதி வழி வரை மகள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் கேட்டாள்.

“அதைத்தான் நீ வீட்டுல பிராக்டிஸ் பண்ணுவே?”

“ம்.”

“எந்தப் படத்துக்கும்மா?”

“படம் இல்லடா.”

மகள் அம்மாவின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “நான் கை தட்டினேனே” என்றாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி நடந்து வந்தார்கள்.

ஆறரைக்கு மணி அடித்தது. நேரம் தவறமாட்டான், அது ஒன்று மாறவில்லை. மகள் முன்னால் போகப் பார்த்தாள். அலறலக்கா அவளைப் பின்னால் இழுத்துவிட்டுத் தானே போய்க் கதவைப் பாதி திறந்தாள். நரைத்த தாடி, கண்ணாடி, கையில் பழப் பை. உள்ளே கால் வைக்காமல் தலையைச் சாய்த்தான்.

“உள்ள வரலாமா?”

“வேண்டாம்” என்றாள்.

அவன் சிரித்தான். அவள் தோளுக்கு மேலாக மகளைப் பார்த்து, “குட்டி, அம்மாகிட்ட நீ சொல்லேன்” என்றான்.

மகள் அம்மாவின் பக்கம் ஓர் அடி நகர்ந்தாள். சிரிப்பு அப்படியே இருக்க, அவன் உள்ளங்கையைக் கதவில் பதித்து உள்ளே தள்ளினான். குரலைத் தாழ்த்தி, “குழந்தை முன்னாடி நாடகம் போடாதே” என்றான். பதினான்கு வருடம் கழித்துக் கேட்டாலும் அது பழைய குரல்தான். தாடியும் இருமலும் அதன் மேல் போர்த்தியிருந்தன, அவ்வளவே.

அலறலக்கா அலறினாள். அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்து, அறுந்துபோகாமல், முழுதாக. மாடிப்படி நெடுக அது ஏறிப் போனது. கீழ்வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் நின்றது. ரெப்பின் கை பழக்க தோஷத்தில் அவள் வாயை நோக்கி உயர்ந்தது. மகள் குறுக்கே வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே கதவு திறந்தது. டீச்சருக்கு இப்போது எழுபது வயது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, எப்போதும் போலச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“என்னம்மா, பிராக்டிஸா?”

மகள் அண்ணாந்து பார்த்தாள்.

“இல்ல டீச்சர். பிராக்டிஸ் இல்ல. ஒரு நாளும் இருந்ததே இல்ல.”

மேலே சிரிப்பு நின்றது. பிறகு படிகளில் டீச்சரின் செருப்புச் சத்தம், ஒவ்வொரு படியாக, கீழே இறங்கி வந்தது.